ஜவ்வாது மலை மண் ரோட்டுல வண்டி ஏத்துறதும் இறக்குறதும்

ஒடுகத்தூர்ல இருந்து பீஞ்சமந்தை பக்கம், ஆலங்காயம் காவலூர் தாண்டி ஜமுனாமரத்தூர் சுத்துப்பட்டு, திருப்பத்தூர்ல இருந்து புதூர்நாடு உள்ளார, இப்படி மலை மேல சொந்த வண்டி எடுத்துக்கினு போறவங்க இப்ப ஜாஸ்தி ஆயிட்டாங்க, நல்லதுதான், ஆனா முக்காவாசி பேரு ஏலகிரிக்கு போற மாதிரி நினைச்சிக்கினு கிளம்பிடுறாங்க. ஏலகிரியில 14 கொண்டை ஊசி வளைவு இருந்தாலும் அது தார் ரோடு, கார் ஓட்டத் தெரிஞ்ச யாரும் நிதானமா போனா ஏறிடலாம். ஜவ்வாது மலையில மெயின் ரோடு தாரு, சரி, ஆனா அதுல இருந்து பிரிஞ்சி சின்ன சின்ன ஊருக்கு போற கிளை ரோடு நிறைய இடத்துல வெறும் செம்மண்ணு, சரளை, நடுநடுவுல மொட்டப்பாறை. அங்க தார் ரோட்டு பழக்கம் எதுவும் உதவாது.

இன்ஜினியருங்க மலை ரோடு போடுறதுக்குன்னு ஒரு அளவு வெச்சிருக்காங்க, இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் கணக்குப்படி 100 மீட்டர் தூரத்துக்கு 5, 6 மீட்டர் ஏறலாம், வேற வழியே இல்லன்னா 7, 8 மீட்டர் வரைக்கும் போகலாம். மண் ரோட்டுல அந்த கணக்கு எதுவும் கிடையாது. ஆளும் மாடும் ஏறி எறங்கின தடத்த அப்படியே அகலம் பண்ணி விட்டிருப்பாங்க, சில இடத்துல அதுக்கு டபுள் மடங்கு செங்குத்தா ஏறும். அதனால ஒண்ண மட்டும் மொதல்ல மனசுல ஏத்திக்கோங்க, மேட்டுக்கு எந்த கியர்னு மேட்டுக்கு கீழயே முடிவு பண்ணணும், இறக்கத்துக்கு எந்த கியர்னு இறக்கத்துக்கு மேலயே முடிவு பண்ணணும். நடுவுல மாத்திக்கலாம்னு போனா நடுவுல மாட்டிப்பீங்க. நான் கீழ சொல்றது எல்லாமே இதுல இருந்து வர்றதுதான்.

கிளம்புறதுக்கு முன்னாடி பாக்க வேண்டியது. டயர்ல பட்டன் தேஞ்சிருந்தா மலை மண்ணுக்கு வராதீங்க, வேற பேச்சே இல்ல. பிரேக் ஆயில் எப்ப மாத்துனீங்கன்னு ஞாபகம் இல்லன்னா மாத்திட்டு வாங்க, நிறைய பேரு இன்ஜின் ஆயில் மாத்துவாங்க, பிரேக் ஆயில வண்டி விக்கிற வரைக்கும் தொடமாட்டாங்க. பிரேக் ஆயில் காத்துல இருக்கிற ஈரத்த இழுத்துக்கும், டாட் 3ன்ற வகை ஆயில் புதுசா இருந்தா 205 டிகிரி தாண்டிதான் கொதிக்கும், அதுவே ஈரம் இழுத்து பழசாகிப் போனா 140 டிகிரியிலயே கொதிக்க ஆரம்பிச்சிடும், டாட் 4ன்னா புதுசுல 230, ஈரம் இழுத்ததுல 155. நீண்ட இறக்கத்துல பிரேக்க மிதிச்சிக்கினே வந்தா அந்த சூடு சர்வசாதாரணமா வந்துடும், ஆயில் கொதிச்சி ஆவியானா குழாய்க்குள்ள குமிழு நிக்கும், அப்ப நீங்க பெடல மிதிச்சா அது குமிழத்தான் அமுக்கும், வீலுக்கு எதுவும் போகாது, பெடல் நேரா தரைக்கு போயிடும். பிரேக் ஃபெயிலுங்கிறது எப்பவும் ஒயரு அறுந்தோ பைப்பு உடைஞ்சோதான் ஆவும்னு இல்ல, இப்படியும் ஆவும்.

டீசல் பெட்ரோல் பாதி டேங்குக்கு மேல இருக்கணும். முள்ளு கீழ நிக்கும்போது செங்குத்து மேட்டுல டேங்குல இருக்கிறது ஒரு பக்கமா ஒதுங்கி பம்ப்புக்கு வராம போய் இன்ஜின் நின்னுடும், மேட்டு நடுவுல இன்ஜின் நிக்கிறது மாதிரி பேஜாரு எதுவும் இல்ல. ஸ்டெப்னியில காத்து இருக்கான்னு பாருங்க. ஜாக்கியோட ஒரு அகலமான பலகை துண்டும் எடுத்துக்கோங்க, இல்லன்னா செம்மண்ணுல ஜாக்கி இறங்கும், வண்டி ஏறாது. கயிறு, டார்ச்சு, குடிக்க தனியா இன்ஜினுக்கு தனியா தண்ணி. அப்பால, மரத்துல முக்கோணமா செஞ்ச கட்டை ரெண்டு. கட்டை பத்தி தனியா சொல்றேன், அது ரொம்ப முக்கியம். மேல பல இடத்துல சிக்னல் கிடைக்காது, அதனால எந்த ஊருக்கு போறோம் எப்ப இறங்குவோம்னு அடிவாரத்துலயே வீட்டுக்கு ஒரு போன் போட்டுடுங்க. சில தடம் ரிசர்வ் காட்டுக்குள்ள போகும், செக்போஸ்ட்ல கேட்டுட்டு விட்டாதான் போகணும்.

வண்டி விஷயத்துக்கு வருவோம். ஃபோர் வீல் டிரைவ் இருந்தா நிம்மதி, ஆனா மலையில இருக்கிறவங்க நிறைய பேரு அது இல்லாமதான் ஓட்டுறாங்க, பொலிரோ பிக்கப்பும் பழைய ஜீப்பும் டிராக்டரும்தான் ஓடுது, அவங்க ஏத்துறாங்க. நம்ம ஊரு சின்ன காருல வண்டிய இழுக்கிறது முன்னாடி வீலு. மேடு ஏறும்போது வண்டி கனமெல்லாம் பின்னாடி சாயும், முன் வீலு லேசாயிடும், லேசான வீலு சரளையில சும்மா சுத்தும். அதனாலதான் பின் சீட்டுல மூணு பேரு உக்காந்துகினு டிக்கி நிறைய மூட்டை வெச்சிக்கினு வந்த காரு மேட்டுல நின்னு புழுதி கிளப்பும். பின்னாடி இருக்கிறவங்க இறங்கி நடந்தாலே பாதி பிரச்சனை தீரும், அடி தட்டறதும் குறையும், ஏன்னா சின்ன காருக்கு தரையில இருந்து அடிக்கு இடைவெளி சும்மாவே 16, 17 சென்டிமீட்டர்தான், ஆளு ஏறினா இன்னும் குறையும். பிக்கப்புக்கு இதுக்கு நேர் எதிர், இழுக்கிறது பின் வீலு, காலி வண்டியா போனா பின்னாடி துள்ளிக்கினே இருக்கும் பிடிப்பு இருக்காது, ரெண்டு மூட்டை மணல் பின் அச்சுக்கு நேரா போட்டு கட்டினா அதே வண்டி அடக்கமா ஏறும். லோடு இருந்தா தாழ்வா வெச்சி கயிறு இறுக்கி கட்டுங்க. லோடு மேல ஆள உக்கார வெச்சி மலை ஏத்தாதீங்க, தயவு செஞ்சி.

டயர்ல காத்து கொஞ்சம் குறைச்சா பிடிப்பு நல்லா வரும், காருக்கு 32 வெச்சிருந்தா 26 வரைக்கும் இறக்கலாம், டயர் கொஞ்சம் தட்டையாகி கல்ல புடிச்சிக்கும். ஆனா கையில காத்தடிக்கிற பம்ப்பு இருந்தாதான் குறைக்கணும், முழு லோடு பிக்கப்புக்கு குறைக்கவே கூடாது, கூர் கல்லு பக்கவாட்டுல குத்தி டயர் கிழிஞ்சிடும்.

இப்ப மேடு வருது. மொதல் வேலை, வண்டிய சமதரையில நிறுத்திட்டு இறங்கி நடந்து போய் பாக்கறது. வெக்கப்படாதீங்க, மலை டிரைவருங்களே மழைக்கு அப்புறம் இறங்கி நடந்து பாத்துட்டுதான் வருவாங்க. பாக்கும்போது இதெல்லாம் கவனிங்க. தண்ணி ஓடின பள்ளம் எந்த பக்கத்துல இருந்து எந்த பக்கத்துக்கு குறுக்க போகுது, அது உங்க டயர் முழுங்குற ஆழமா, இல்ல சும்மா கோடா. நடு மேடு எவ்ளோ உசரம், ரெண்டு டயர் தடத்துக்கு நடுவுல நிக்கிற மண்ணு, லாரி டிராக்டர் ஓடின ரோட்டுல அது முழங்கால் பாதி வரைக்கும் நிக்கும், சின்ன காரு அங்க தடத்துல இறங்கினா அடி உக்காந்துக்கும், அதனால ஒரு வீல நடு மேட்டு மேலயும் இன்னொரு வீல ஓர மேட்டு மேலயும் ஏத்தி ஓட்டணும். எந்த கல்லு பாறையோட ஒட்டினது, எது உருளுறதுன்னு கால்ல ஒரு தட்டு தட்டி பாருங்க, உருளுற கல்ல எடுத்து ஓரமா போட்டுடுங்க. கடைசியா, மேடு முடிஞ்ச உடனே என்ன இருக்கு, நேரா போகுதா, சட்டுனு திரும்புதா. மேட்டு உச்சியில பானட்டு வானத்தத்தான் காட்டும், ரோடு கண்ணுக்கு தெரியாது, அந்த ரெண்டு செகண்டு நீங்க முன்னாடியே நடந்து பாத்தத வெச்சித்தான் ஸ்டீரிங் புடிக்கணும்.

பாத்தாச்சா, வந்து ஃபர்ஸ்ட் கியர் போடுங்க. குட்டையான மேடு, கீழ ஓடி வர்றதுக்கு இடம் இருக்குன்னா செகண்டுல வரலாம், சந்தேகம்னா ஃபர்ஸ்ட்தான். ஆக்சிலேட்டர ஒரே சீரா புடிங்க, மேட்டுல ஏறினதுக்கு அப்புறம் கியர் மாத்தாதீங்க, மாத்துற அந்த ஒரு நொடியில வண்டி உயிரு போயிடும். ஹாஃப் கிளட்ச்சுல தொங்க வெக்காதீங்க, கிளட்ச்சு கருகுற வாசனை வந்தா அந்த மேடு முடியிறதுக்குள்ள பிளேட்டு முடிஞ்சிடும். வீலு சுத்துதுன்னா இன்னும் மிதிக்கணும்னு தோணும், மிதிச்சா வீலு குழி தோண்டி இறங்கும், ஆக்சிலேட்டர லேசா விட்டு ஸ்டீரிங்க இப்படி கொஞ்சம் அப்படி கொஞ்சம் ஆட்டினா டயர் ஓரம் எதையாவது புடிக்கும். புது காருங்கள்ல வீலு சுத்தினா தானா பவர குறைக்கிற டிராக்‌ஷன் கன்ட்ரோல் இருக்கும், சரளை மேட்டுல அது சமயத்துல இன்ஜின அமுக்கி வண்டிய நிறுத்திடும், பட்டன் இருந்தா ஆஃப் பண்ணிட்டு ஏறுங்க, மேல போனதும் மறக்காம ஆன் பண்ணிடுங்க.

ஏற முடியல, நடுவுல நின்னுடுச்சி. இங்கதான் ஆளுங்க பயந்து தப்பு பண்றாங்க, அதனால பொறுமையா படிங்க. பிரேக்க நல்லா மிதிங்க, ஹேண்ட் பிரேக்க இழுங்க. கூட வந்தவங்க இறங்கி பின் வீலுக்கு கட்டை வெக்கட்டும். திரும்பி இறங்கலாம்னு வண்டிய குறுக்க மட்டும் திருப்பாதீங்க, செங்குத்துல குறுக்க நிக்கிற வண்டி உருளும், அதுக்கு ஸ்பீடே தேவையில்ல. நியூட்ரல்ல பின்னாடி உருட்டவும் கூடாது. பிரேக்க மிதிச்சிக்கினே கிளட்ச்ச மிதிச்சி ரிவர்ஸ் கியர் போட்டு, கட்டைய எடுத்துட்டு ஒதுங்க சொல்லி, ஹேண்ட் பிரேக்க இறக்கி, பிரேக்கையும் கிளட்ச்சையும் முழுசா விட்டு, இன்ஜின் புடியிலயே, வந்த தடத்துல நேரா, மெதுவா, ரெண்டு பக்க கண்ணாடியும் பாத்துக்கினு இறங்கிடுங்க. கீழ வந்து மறுபடியும் ஆள இறக்கிவிட்டு முயற்சி பண்ணலாம், இல்ல வண்டிய அங்கயே ஓரங்கட்டிட்டு நடந்து போகலாம். நடந்து போறதுல ஒண்ணும் கொறஞ்சிட மாட்டோம், மலையில எல்லாரும் நடக்கிறாங்க.

கட்டை விஷயம். லோடு ஏத்தின பிக்கப்புல கிளீனர் பையன் பின்னாடி தொங்கிக்கினு வருவான் பாத்திருப்பீங்க, வண்டி மூச்சு வாங்கி நிக்கிற நொடியில குதிச்சி பின் டயருக்கு அடியில கட்டைய தள்ளுவான், டிரைவர் அதுமேல வண்டிய சாய விட்டு ஹேண்ட் பிரேக் இல்லாமலே திரும்ப கிளப்புவாரு. கட்டை இல்லாதவங்க கல்லு வெப்பாங்க. வெச்சி கிளம்பினதுக்கு அப்புறம் அந்த கல்ல நடு ரோட்டுலயே விட்டுட்டு போயிடுறாங்க பாருங்க, அத பாத்தா எனக்கு வயிறு எரியும். ராத்திரி பைக்குல ஒருத்தன் இறங்கி வருவான், அவன் லைட்டுக்கு அந்த கல்லு தெரியாது. கல்லு வெச்சா, கொஞ்சம் தள்ளி வண்டிய நிறுத்திட்டு நடந்து வந்தாவது அத எடுத்து ஓரமா போடணும். கட்டைக்கு ஒரு கயிறு கட்டி வெச்சிக்கினா வண்டி நகந்த உடனே இழுத்துக்கலாம்.

கொண்டை ஊசி வளைவுல உள் பக்கம்தான் செங்குத்து அதிகம், முடிஞ்சா வெளி வட்டமா எடுங்க, ஆனா ஹாரன் அடிச்சி எதிர்ல எதுவும் வரலன்னு காது குடுத்து கேட்டுட்டு. ஒரே திருப்புல முடியலன்னா முன்ன பின்ன எடுத்து திருப்பணும், அப்ப வண்டி மூக்கு பள்ளத்து பக்கமும் பின்பக்கம் மலை பக்கமும் இருக்கிற மாதிரி பாத்துக்கோங்க. நிறைய பேரு பயத்துல இத மாத்தி பண்ணுவாங்க, பள்ளத்த பாக்காம இருந்தா நிம்மதின்னு. கண்ணுக்கு தெரியிற பள்ளம் ஒண்ணும் பண்ணாது, ரிவர்ஸ்ல தெரியாம போய் விழறதுதான் ஆபத்து. ஒரு ஆளு கீழ நின்னு வழி காட்டட்டும், வண்டிக்கு நேர் பின்னாடி நிக்காம, டிரைவர் கண்ணாடியில தெரியிற மாதிரி பக்கத்துல.

பள்ளத்து ஓரத்த எப்பவும் நம்பாதீங்க. மலை ரோடு எப்படி போடுறாங்கன்னா மலை பக்கம் வெட்டி அந்த மண்ண பள்ளத்து பக்கம் தள்ளி அகலம் பண்றாங்க, அதனால மலை பக்கம் இறுகின மண்ணு, பள்ளத்து பக்கம் கொட்டின மண்ணு. மேல பாக்க சமமா இருக்கும், மழை அடியில அரிச்சிக்கினு போயிருக்கும். ஓரத்துல விரிசல் கோடு மாதிரி தெரிஞ்சா அந்த ஓரத்துக்கு டயர் போகவே கூடாது, மலை பக்கம் எவ்ளோ குண்டும் குழியுமா இருந்தாலும் அங்கயே ஓட்டுங்க.

எதிர்ல வண்டி வந்தா யாரு வழி விடணும்? இறங்குறவங்கதான். இது மலை மரியாதை மட்டும் இல்ல, சாலை விதியிலயே இருக்கு, ரெண்டு வண்டி தாராளமா போக இடமில்லாத மலை ரோட்டுல இறங்குற வண்டி ஓரமா நின்னு ஏறுற வண்டிக்கு வழி விடணும்னு. ஏறுறவன் நின்னா திரும்ப கிளப்பறது எவ்ளோ கஷ்டம்னு மேல பாத்தோம் இல்ல, அதான் காரணம். இறங்கும்போது எங்கெங்க ஒதுங்க இடம் இருக்குன்னு பாத்துக்கினே வாங்க, அடுத்த வளைவுல புழுதி எழும்புதுன்னா இங்கயே ஒதுங்கி நின்னுடுங்க. டூர் வந்த வண்டி ஒண்ணு நடு தடத்துல நின்னு போட்டோ எடுத்துக்கினு இருக்கும், பின்னாடி புளி மூட்டை ஏத்தின பிக்கப்பு ஹாரன் அடிச்சிக்கினு நிக்கும், இது பாக்கவே கூடாத காட்சி. அந்த ரோடு அவங்களுக்கு ரேஷனு, ஸ்கூலு, சந்தை, ஆஸ்பத்திரி எல்லாமே. 2023 மே மாசம் வேலூர் மாவட்டம் அணைக்கட்டு பக்கம் அல்லேரி மலையில ஒன்றரை வயசு குழந்தைய பாம்பு கடிச்சி, சரியான ரோடு இல்லாம நேரத்துக்கு ஆஸ்பத்திரிக்கு சேக்க முடியாம வழியிலயே போயிடுச்சி, திரும்பும்போது ஆம்புலன்ஸ் மேல ஏற முடியாம, பெத்தவங்க அந்த உடம்ப கையில ஏந்திக்கினு நடந்தாங்க. நாடே பாத்துச்சி. அதனால 108 சத்தமோ, கட்டில் போட்டு யாரையாவது படுக்க வெச்சிக்கினு வர்ற ஜீப்போ தெரிஞ்சா, ஏறுறவங்க இறங்குறவங்க சட்டமெல்லாம் பேசாதீங்க, ரிவர்ஸ் எடுத்தாவது வழி விடுங்க.

இறக்கம். ஏறினவங்களுக்கு தெம்பு வந்துடும், ஏறிட்டோம் இறங்கறது என்ன பெரிசுன்னு, ஆனா விபத்து நடக்கறது இங்கதான் ஜாஸ்தி. ஏறின கியர்லயே இறங்கணும், ஃபர்ஸ்ட்ல ஏறின மேட்டுக்கு ஃபர்ஸ்ட். சமதரையில நின்னு கியர போட்டுட்டு, கிளட்ச்சுல இருந்து கால எடுத்து கீழ வெச்சிடுங்க, கிளட்ச்ச தொட்டா இன்ஜின் புடி விட்டுப்போயிடும். ஆக்சிலேட்டரும் வேணாம், பிரேக்கும் வேணாம், இன்ஜினு உறுமிக்கினே வண்டிய புடிச்சி இழுத்துக்கினு இறக்கும், அந்த சத்தத்த கேட்டு பயப்படாதீங்க, அதுக்காகத்தான் அத போட்டோம். ஸ்பீடு ஏறுதுன்னா பிரேக்க ஒரு அமுக்கு, விடு, ஒரு அமுக்கு, விடு. தொடர்ந்து மிதிச்சிக்கினே இருந்தா மேல சொன்ன கொதி வந்துடும். டீசலு மிச்சம்னு நியூட்ரல்ல விடுறதும், இன்ஜின ஆஃப் பண்ணி உருட்டறதும் உயிரோட விளையாடுறது, இன்ஜின் ஓடினாதான் பிரேக்க லேசா மிதிக்க உதவுற பூஸ்டருக்கு வேக்கம் கிடைக்கும், ஆஃப் பண்ணிட்டா ரெண்டு மூணு மிதிக்கு அப்புறம் பெடலு கல்லு மாதிரி ஆயிடும்.

சரளையில பிரேக்கு லாக் ஆகி வண்டி சறுக்கினா ஸ்டீரிங் வேலை செய்யாது, கஷ்டமா இருந்தாலும் பிரேக்க கொஞ்சம் விடணும், வீலு சுத்தினாதான் வண்டி சொன்ன பேச்சு கேக்கும். வீலு லாக் ஆகாம பாத்துக்கிற ஏபிஎஸ் இருக்குன்னு தைரியமா போகாதீங்க, உதிரி கல்லு மேல ஏபிஎஸ் வண்டி நிக்க இன்னும் தூரம் எடுக்கும். ஆட்டோமேட்டிக் வண்டின்னா எல் இல்லன்னா மேனுவல் மோடுல 1 போட்டுக்கோங்க, டியிலயே விட்டா அது தானா மேல் கியருக்கு தாவிடும்.

பெடலு மெத்துன்னு உள்ள போற மாதிரியோ, கருகுற வாசனையோ வந்தா அடுத்த சமதரையில நிறுத்திடுங்க. ஃபர்ஸ்ட் கியர்ல விட்டு, கட்டை வெச்சி, அரை மணி நேரம் சும்மா உக்காருங்க. சூடான டிரம் மேல, டிஸ்க் மேல தண்ணி ஊத்தாதீங்க, கோணிக்கும், விரிசல் விடும். பெடல் பழையபடி கெட்டியா வந்தாதான் கிளம்பணும், அப்பவும் வரலன்னா அந்த வண்டி அன்னிக்கு இறங்கக்கூடாது, ஊருல யார் வீட்டு திண்ணையிலயாவது படுக்க இடம் குடுப்பாங்க.

பைக்குல வர்றவங்களுக்கும் இதே கணக்குதான். ஏறும்போது முன்னாடி நகந்து உக்காருங்க, இறங்கும்போது பின்னாடி. செங்குத்துல பின்னாடி இருக்கிறவங்கள இறக்கிவிட்டுடுங்க. ஃபர்ஸ்ட் கியர், கிளட்ச்ச புடிக்காம, பின் பிரேக்க லேசா, முன் பிரேக்க ரெண்டு விரல்ல தொட்டு தொட்டு, சரளையில ஹேண்டில் திரும்பியிருக்கும்போது முன் பிரேக்க அழுத்தினா அந்த இடத்துலயே விழுவீங்க. ஸ்கூட்டர எடுத்துக்கினு மண் இறக்கத்துக்கு வர வேணாம்னுதான் நான் சொல்லுவேன். ஸ்கூட்டருலயும் டிவிஎஸ் எக்ஸெல்லுலயும் கிளட்ச்சு தானா வேலை செய்யிறது, ஸ்பீடு குறைஞ்சா அதுவே விட்டுடும், அப்ப இன்ஜின் புடி சுத்தமா இல்ல, மொத்த பாரமும் சின்ன பிரேக் ஷூ மேல. மலைக்காரங்க எக்ஸெல்லுல ரெண்டு மூட்டைய வெச்சிக்கினு இறங்குறாங்களேன்னு கேப்பீங்க, அவங்களுக்கு ஒவ்வொரு கல்லும் மனப்பாடம், நமக்கு கிடையாது.

மழை. காஞ்ச செம்மண்ணு நல்லா புடிக்கும், ஈரமானா சோப்பு, டயர் இடுக்குல அப்பிக்கினு பட்டனே இல்லாத மாதிரி ஆயிடும். அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் வடகிழக்கு மழை, அது எல்லாருக்கும் தெரியும், ஆனா நம்ம வேலூர் பக்கம் ஆகஸ்ட் செப்டம்பர்லயும் சாயந்திரம் இடி மழை கொட்டும், காலையில பளிச்சுன்னு வெயில் அடிச்ச அதே நாள்ல. அதனால மண் ரோடு இறங்கறத மத்தியானத்துக்குள்ள முடிச்சிடுங்க. மேல இருக்கும்போது மழை புடிச்சா அவசரப்பட்டு இறங்காதீங்க, விட்டு வெயில் பட்டு மேல் மண்ணு இறுகுற வரைக்கும் காத்திருங்க. ஓடை குறுக்க வந்தா கலங்கல் தண்ணியில வண்டிய விடாதீங்க, குச்சி ஊணி நடந்து பாத்து முழங்காலுக்கு வந்தா வேணாம், மலை ஓடை ஏறின மாதிரியே சீக்கிரம் வடிஞ்சிடும், சில மணி நேரம் பொறுத்தா போதும். ராத்திரி மண் ரோட்டுல புதுசா வர்றவங்க ஓட்டவே வேணாம், ஹெட்லைட்டுல எல்லா குழியும் ஒரே மாதிரி கருப்பா தெரியும், ஆழம் தெரியாது.

ஊருக்குள்ள நுழையும்போது நடக்கிற வேகத்துக்கு வந்துடுங்க, புழுதி பூரா வாசல்ல சாமை காய வெச்சிருக்கிறது மேல போய் உக்காரும். தல மேல விறகு கட்டோட வர்றவங்க இருந்தா அவங்க ஒதுங்கணும்னு எதிர்பாக்காம நீங்க நில்லுங்க. வழியும் அவங்ககிட்டயே கேளுங்க, "அண்ணா இந்த வண்டி ஏறுமா"ன்னு வண்டிய காட்டி கேட்டா, ஏறும் ஏறாதுன்னு பாத்த உடனே சரியா சொல்லிடுவாங்க, மேப்புக்கு அது தெரியாது, மேப்புல மாட்டுத் தடமும் ரோடாத்தான் காட்டும். "ஏறாதுப்பா, இங்கயே வுட்டுட்டு போ"ன்னு சொன்னா கேட்டுக்கோங்க, வண்டிய அவங்க வீட்டாண்ட நிறுத்திட்டு நடங்க.

அடிவாரம் வந்ததும் தார் ரோடு பாத்த சந்தோஷத்துல அப்படியே வேலூர் வரைக்கும் அமுக்கிக்கினு போயிடாதீங்க. காத்து குறைச்சிருந்தா மொதல்ல அத அடிச்சிடுங்க, குறைஞ்ச காத்தோட தார்ல 80ல போனா டயர் சூடேறி வெடிக்கும். குனிஞ்சி அடியில ஆயில் சொட்டுதான்னு பாருங்க, ஒவ்வொரு வீலு பக்கத்துலயும் கைய கொண்டு போங்க, தொடாம, ஒரு வீலு மட்டும் மத்ததவிட ரொம்ப கொதிச்சா அந்த பிரேக்கு ஒட்டிக்கினு இருக்கு, மெக்கானிக்கிட்ட காட்டணும். வீல் நட்டுங்கள ஒரு தடவ ஸ்பேனர் போட்டு இறுக்கிப் பாருங்க, குலுங்கின குலுக்கல்ல ஒண்ணு ரெண்டு லூசாகியிருக்கலாம்.